இரு நகரங்களின் நடுவே ஒரு திருவாயில்

இலக்கண வகுப்பில் 'இலக்கணப் போலி' என்னும் பகுதிக்கு வரும்போது ஆசிரியர் தவறாது காட்டும் எடுத்துக்காட்டு 'வாயில்' என்பதாகும். இல்லின் வாய் 'இல்வாய்'. அது முன்பின்னாக மாறி 'வாயில்' என வழங்கலாயிற்று. இல்லத்துக்கும் ஒரு வாய் உண்டு என்று கண்ட நம் முன்னோரின் நுண்ணறிவை எண்ணி வியக்காமல் இருக்க முடியாது. வாய் என்று ஒன்று இருந்தால் அது பேசியே தீரும். வருவோரைப் பார்த்து 'வருக' என்று சொல்லும். இன்றேல் 'நில்' என்று சொல்லும். வாய் மூடி இருப்பதுவும் ஒருவகைப் பேச்சே அன்றோ?

அதே பாடத்தில் அடுத்து வரும் சொல் 'புறநகர்'. நகர்ப்புறம் என்பதே புறநகர் ஆயிற்று என்பர். வைட்ஃபீல்டில் வாழும் நமக்கு இவ்விரு சொற்களும் ஒருசேர உரியவை. நாம் புறநகரில் இருந்துகொண்டு பெங்களூரு மாநகரின் வாயிலை நோக்கி நிற்பவர்கள். நாம் வாழும் இவ்வூரே வந்தேறிய குடிகளுக்காகத் தோன்றியது. 1882ஆம் ஆண்டில் ஆங்கிலோ-இந்தியச் சங்கத்தின் தலைவர் டி. எஸ். வைட் என்பார், தம் இனத்தார் நிலம் பெற்று உழுது வாழ வேண்டும் என விரும்பினார். மைசூர் மன்னர் பத்தாம் சாமராஜ உடையார் நிலம் அளித்தார். வைட் என்பாரின் பெயரே ஊரின் பெயராயிற்று. ஆகவே, 'வந்தவரை இந்த மண் எவ்வாறு ஏற்றது?' என்னும் வினா இவ்வூரோடு உடன்பிறந்த வினா எனலாம்.

அவ்வினாவுக்குக் கல்லில் எழுதப்பட்ட விடையாக நிற்கும் ஒரு கட்டடத்தைப் பற்றியே ஈண்டுச் சிந்திக்க விழைகின்றோம். அதுதான் விதான சௌதா. ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் முதலில் அழைத்துச் செல்லும் இடம் அது. நம் வீட்டு நிழற்படத் தொகுப்புகளில் அதன் முன்னே நின்று எடுத்த படம் ஒன்றேனும் இல்லாதிருப்பது அரிது. ஆயினும் அது எழுந்த வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லியிருக்கின்றோமா?

பழைய எல்லைகள்

முதலாம் கெம்பே கௌடர் 1537இல் மண்கோட்டை ஒன்றை எழுப்பி, அதனுள்ளே பேட்டையை அமைத்தார் என்பது பெங்களூரின் தோற்ற வரலாறு. பின்னர் அவர் வழியினர் நான்கு திசைகளிலும் நான்கு சிறு கோபுரங்களை நிறுவினர். லால்பாக் பாறைமீதும், அல்சூர் ஏரியருகிலும், கெம்பாம்புதி ஏரிக்கரையிலும், மேக்ரி வட்டத்தின் அருகிலும் அவை இன்றும் நிற்கின்றன. நகரம் எங்கே தொடங்குகிறது என்று அந்நாள் வழிப்போக்கனுக்கு உணர்த்தியவை அவையே. நகரமோ அவற்றைத் தாண்டிப் பலமடங்கு விரிந்துவிட்டது. எல்லைக் கோபுரங்கள் இன்று நகரின் உள்ளேயே ஒடுங்கி நிற்கின்றன.

வான்வழி வருவோரை வரவேற்கும் பெருஞ்சிலை அண்மைக் காலத்தது. கெம்பே கௌடரின் 108 அடி உயர வெண்கலச் சிலை, 2022 நவம்பரில் விமான நிலையத்தில் திறந்துவைக்கப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டின் தலைவருக்கும் இருபத்தோராம் நூற்றாண்டின் சிலைக்கும் இடையே நிற்கும் விதான சௌதாவோ, இரண்டாம் உலகப் போர் ஓய்ந்து நாடு விடுதலை பெற்ற அந்தச் சில ஆண்டுகளின் குழந்தை. அக்காலத்தை அறியாமல் அக்கட்டடத்தை அறிதல் இயலாது.

பேட்டையும் தண்டும்

விடுதலைக்கு முன் பெங்களூர் ஒரு நகரமன்று; இரு நகரங்கள். மேற்கே பேட்டை. அது மைசூர் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டது. கன்னட மண்ணின் வணிகரும் நெசவாளரும் வாழ்ந்த பழம்பதி. கிழக்கே தண்டு. 1809இல் சீரங்கப்பட்டணத்திலிருந்து ஆங்கிலப் படை இங்கு வந்து தங்கியதால் உருவான பாசறை நகரம் அது. 'தண்டு' என்றால் படை. கன்டோன்மென்ட் ரயில் நிலையத்தைக் கன்னடத்தில் இன்றும் அப்பெயராலேயே வழங்குவர்.

சென்னைப் படையோடு வந்த தமிழர் பலர். படைக்குப் பண்டம் அளித்தவர், பாரம் சுமந்தவர், சமைத்தவர், துணி வெளுத்தவர், கட்டடம் கட்டியவர், கணக்கு எழுதியவர் என அவர்களைத் தொடர்ந்து வந்தவர் இன்னும் பலர். அல்சூரும் இன்றைய சிவாஜிநகரும் அவர்களால் நிறைந்தன. 1864இல் சோலையார்பேட்டைப் பாதை வழியே ரயில் வந்தபின் அவ்வரவு பெருகிற்று. அந்த ரயில் நம் வைட்ஃபீல்டு வழியாகவே ஓடியது, இன்றும் ஓடுகின்றது. கோலார் தங்கவயலிலிருந்து விடியற்காலையில் வேலைக்கு வருவோரைச் சுமந்துவரும் வண்டிகளும் அதே தண்டவாளத்தில்தான் வருகின்றன.

பேட்டைக்கும் தண்டுக்கும் இடையே கப்பன் பூங்கா பசுந்திரையாகப் படர்ந்திருந்தது. இருபுறத்து மக்களும் வேறு வேறு ஆட்சியின் கீழ், வேறு வேறு மொழி பேசி வாழ்ந்தனர். பூங்காவின் ஓரத்தில், 1868இல் கட்டி முடிக்கப்பட்ட அட்டாரா கச்சேரி செந்நிறத்தில் நின்றது. பதினெட்டுத் துறைகளின் அலுவலகம் என்பது அப்பெயரின் பொருள். கிரேக்க, உரோமானியத் தூண்களைக் கொண்டு, ஆங்கில ஆணையரின் ஆட்சிக்காக எழுந்த மாளிகை அது.

1947 ஜூலையில், விடுதலைக்குச் சில வாரங்களுக்கு முன்பு, தண்டுப் பகுதி மைசூர் அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. 1949இல் பேட்டையும் தண்டும் ஒரே மாநகராட்சியாக இணைந்தன. காகிதத்தில் இணைந்தன என்பதே பொருந்தும். மனத்தளவில் இணைவதற்கு இரு நகரத்தாரும் 'இது நமது' என்று சுட்டக்கூடிய ஒன்று வேண்டியிருந்தது. அதற்கென அமைந்தாற்போல, இரு நகரங்களும் சந்திக்கும் பூங்காவின் விளிம்பில், அட்டாரா கச்சேரிக்கு எதிரே, புதிய மாளிகைக்கு இடம் தேர்ந்தனர்.

கல் எழுந்த கதை

1951 ஜூலை 13ஆம் நாள் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். அப்போது முதலமைச்சராய் இருந்தவர் கே. சி. ரெட்டி. அவர் காலத்துத் திட்டம் அளவிற் சிறியது, எளிமையானது. 1952இல் கெங்கல் ஹனுமந்தையா முதலமைச்சரானதும் திட்டம் முற்றிலும் மாறிற்று.

மாறியதற்கு ஒரு காரணம் கூறுவர். அயல்நாட்டுத் தூதுக்குழுவினர் சிலருக்குப் பெங்களூரைச் சுற்றிக் காட்டியபோது, அவர்கள் இங்குள்ள பெருங்கட்டடங்களைப் பார்த்துவிட்டு, 'இவை யாவும் ஐரோப்பியப் பாணியாகவே உள்ளனவே. உங்களுக்கென்று கட்டடக்கலை கிடையாதா?' என வினவினராம். அவ்வினா ஹனுமந்தையாவின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது என்பர். ஆயிரம் ஆண்டுகளாகக் கோயில்களைக் குடைந்தும் செதுக்கியும் வந்த நாட்டைப் பார்த்து இவ்வாறு கேட்டால் யாருக்குத்தான் தைக்காது?

வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் தலைமையேற்று நடத்தியவர் அரசுப் பொறியாளர் பி. ஆர். மாணிக்கம். அப்பெயரைக் கேட்டவுடன் அவர் எம்மொழியினர் என ஆராயத் தொடங்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அவ்வாராய்ச்சியை ஈண்டு விடுவோம். அவர் எழுப்பியது எம்மொழியினருக்கும் திறந்த வாயில் என்பதே நாம் நினைக்க வேண்டுவது.

கட்டடத்தின் நீளம் 700 அடி. அகலம் 350 அடி. அதன் முகப்புக் கிழக்கு நோக்கியது. 200 அடிக்கும் மேல் அகன்ற 45 படிகளை ஏறினால், 40 அடி உயரமுள்ள பன்னிரண்டு கருங்கல் தூண்கள் தாங்கும் முகமண்டபம் நம்மை எதிர்கொள்ளும். உச்சியில் 60 அடி விட்டமுள்ள குவிமாடம். அதன் மீது நான்முகச் சிங்கம். நம் ஊர்க் கோயில்களில் கண்டு பழகிய கண்ணுக்குத் தூணின் மேல் விரியும் போதிகையும், கூரையின் விளிம்பில் வளைந்து இறங்கும் கொடுங்கையும் புதியவையாகத் தோன்றா. திராவிடக் கட்டடக்கலையின் உறுப்புகளோடு குவிமாடமும் கலந்து நிற்கும் அமைப்பு அது. தூய மரபு எனச் சிற்ப நூலார் ஒப்பார். ஆனால் பல மரபினர் வாழும் நகரின் தலைவாயிலுக்கு அக்கலப்பே பொருத்தமாயிற்று.

பெங்களூரின் சாம்பல் நிறக் கருங்கல்லே உடல். மாகடியின் இளஞ்சிவப்புக் கல்லும் துருவெக்கெரேயின் கருநிறக் கல்லும் அணிகலன். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் உழைத்தனர்; அவர்களுள் சிறைவாசிகளும் பலர் இருந்தனர். கல்தச்சரும் கொத்தரும் மரச்சிற்பிகளுமாகக் கைவினைஞர் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூற்றுவர். அவர்களுள் எவர் பெயரும் வாயிலில் பொறிக்கப்படவில்லை. தஞ்சைப் பெருவுடையார் கோயிலைக் கட்டிய பெருந்தச்சனின் பெயரைக் கல்வெட்டில் பொறிக்கச் செய்தான் இராசராசன். குஞ்சரமல்லன் என்னும் அப்பெயரை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் சொல்கின்றோம். மக்களாட்சியின் மாளிகையில் மக்களின் பெயர் விடுபட்டது ஒரு குறையே என்று கூறாமல் இருக்க முடியவில்லை.

இருவேறு வழிகள்

அதே ஆண்டுகளில் இந்தியாவின் வடபால் மற்றொரு தலைநகர் எழுந்துகொண்டிருந்தது. பிரிவினையில் லாகூரை இழந்த பஞ்சாபுக்குச் சண்டிகார் வேண்டியதாயிற்று. பிரெஞ்சு நாட்டின் லெ கொர்பூசியேயை அழைத்து அதன் ஆட்சி வளாகத்தை வடிவமைக்கச் செய்தனர். அங்கே கான்கிரீட்டே அழகு, சிற்பவேலைக்கு இடமில்லை. போரில் நொறுங்கிய ஐரோப்பிய நகரங்கள் பலவும் அவ்வழியிலேயே மீண்டும் எழுந்தன. சண்டிகாரின் அந்த வளாகம் 2016இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று.

நேரு இரண்டையும் ஊக்குவித்தார் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. பழமையிலிருந்து விடுபடுவதே விடுதலை எனச் சண்டிகார் கூறிற்று. பறிபோன பழமையை மீட்டுக்கொள்வதே விடுதலை என விதான சௌதா கூறிற்று. இவற்றுள் எது சரி என்று தீர்ப்பளிக்க நாம் முற்படவில்லை. ஆனால் ஒன்று சொல்லலாம். கட்டடக்கலை பயின்றவர் சண்டிகாருக்குச் செல்வர். படிப்பறியாத நம் பாட்டியோ விதான சௌதாவின் முன் நின்றதும் தானாகவே கைகூப்பினாள். அவளுக்கு அது கோயிலின் மொழி பேசிற்று.

செலவு ஏறத்தாழ ஒன்றேமுக்கால் கோடி ரூபாய். அந்நாளில் அது மிகப் பெருந்தொகை. வறுமை சூழ்ந்த நாட்டில் இத்துணை ஆடம்பரம் தகுமா என்ற கண்டனம் கடுமையாக எழுந்தது. அக்கண்டனத்தைப் பழித்தலும் முறையன்று. பசித்தவன் கேட்கும் கேள்வி அது. கட்டடம் நிறைவெய்திய 1956ஆம் ஆண்டிலேயே ஹனுமந்தையா முதலமைச்சர் பதவியிலிருந்து விலக நேர்ந்தது. எழுப்பியவர் ஒருவர், அதில் அமர்ந்தவர் வேறொருவர். சென்னையில் வள்ளுவர் கோட்டம் 1976 ஏப்ரலில் திறக்கப்பட்டபோது, அதனைக் கட்டுவித்த கலைஞர் ஆட்சியில் இல்லை என்பதும் ஈண்டு நினைவுக்கு வருகின்றது. கல் நிலைக்கும், பதவி நிலையாது.

1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. பம்பாய், ஐதராபாத், சென்னை மாநிலங்களில் சிதறியிருந்த கன்னடப் பகுதிகளும் குடகும் மைசூரோடு சேர்ந்தன. சிறிய மைசூருக்கெனத் தொடங்கிய மாளிகை, முழுக் கன்னட நாட்டுக்கும் மன்றமாயிற்று. 1973இல் அம்மாநிலம் கருநாடகம் எனப் பெயர் பெற்றது.

நெற்றியில் எழுதியது

அம்மாளிகையின் முகப்பில் ஒரு வாசகம் உண்டு. 'அரசின் பணி ஆண்டவன் பணி' என்பது அதன் பொருள். 1957இல் அதனை நீக்கி 'வாய்மையே வெல்லும்' என்னும் தொடரைப் பொறிக்கும் எண்ணம் அரசுக்கு எழுந்ததாயினும் அது நிறைவேறவில்லை. எழுதியது எழுதியபடியே நின்றது.

அவ்வாசகத்தைப் பார்த்து நகைப்போர் உண்டு. ஒரு சான்றிதழுக்காகப் பன்முறை அலைந்தவன் நகைத்தால் அவனைக் குறை கூறல் ஆகாது. ஆனால் வாசகம் கல்லில் இருக்கும்வரை அது ஒரு வாக்குறுதி. சொன்னவன் மறந்தாலும் கேட்டவன் நினைவூட்டலாம். கடவுளின் சந்நிதியில் அயலார் என்று ஒருவர் உண்டோ? அரசின் பணி ஆண்டவன் பணியாயின், அங்கும் அயலார் என ஒருவர் இருத்தல் ஆகாது.

அவ்வாக்குறுதி சோதனைக்குள்ளான நாள்களையும் நாம் அறிவோம். காவிரி நீர்ப் பிணக்கு முற்றிய 1991 டிசம்பரில் இந்நகரில் தமிழர் பட்ட துன்பத்தை முதிர்ந்தோர் இன்னும் தாழ்ந்த குரலில்தான் பேசுவர். கதவைத் தாழிட்டு விளக்கணைத்து இருந்த இரவுகள் அவை. அண்டை வீட்டுக் கன்னட அம்மையார் தம் வீட்டில் பிள்ளைகளை மறைத்துக் காத்த கதையும் அதே மூச்சில் வரும். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே உண்மை. அல்சூரில் நிறுவிய திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் இருமாநில முதல்வர்களும் கூடியிருக்க அத்திரை விலகிற்று. நான்கு நாள்களுக்குப் பின் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. வாயில்கள் மூடுவதும் உண்டு. பொறுத்திருந்தால் திறப்பதும் உண்டு.

விதான சௌதாவின் வாயிலும் இதற்கு விலக்கன்று. ஒருகாலத்தில் அதன் முன்றிலில் மாலை நேரத்தில் மக்கள் உலவினர். ஞாயிறு மாலைகளில் விளக்கொளியில் அது மின்னுவதைக் காணக் குடும்பத்தோடு சென்றனர். பின்னர்ப் பாதுகாப்புக் கருதி இரும்பு வேலி வந்தது. நாம் வேலிக்கு வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டோம். 2025இல் சுற்றுலாத் துறையின் வழிகாட்டியோடு பொதுமக்கள் உள்ளே சென்று காணும் ஏற்பாடு தொடங்கப்பெற்றது. அது நற்செய்தி.

நிலைக்கால் தந்தவர்

டொம்மலூரில் சொக்கநாதசுவாமி கோயில் என்னும் பழங்கோயில் ஒன்று உண்டு. அங்குத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. 1270ஆம் ஆண்டினது எனக் கருதப்படும் ஒன்று, அழகியார் என்பவர் அக்கோயிலுக்கு இரண்டு வாயில் நிலைக்கால்கள் அளித்த செய்தியைச் சொல்கின்றது. கெம்பே கௌடரின் கோட்டைக்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கும் முந்திய செய்தி இது. அழகியார் எவ்வூரினர், என்ன தொழிலினர் என்று கல் கூறவில்லை. வாயிலுக்கு இரண்டு கால் தந்தார் என்று மட்டும் கூறுகின்றது. அது போதாதா?

பிற்காலத்திலும் அவ்வழி தொடர்ந்தது. 1881இல் மைசூரில் மக்கள் பிரதிநிதி சபையைத் தொடங்கிவைத்த திவான் ரங்காச்சார்லு செங்கற்பட்டுப் பகுதியில் பிறந்தவர். விதான சௌதாவில் இன்று கூடும் மன்றத்துக்கு அச்சபையே முன்னோடி. 1948இல் ஐ.டி.ஐ., 1953இல் எச்.எம்.டி., 1954இல் பி.இ.எல். எனத் தொழிற்கூடங்கள் எழுந்த அதே ஆண்டுகளில்தான் விதான சௌதாவும் எழுந்தது. அத்தொழிற்கூடங்களில் சங்கொலி கேட்டு உள்ளே சென்றோருள் நம் தந்தையரும் பாட்டன்மாரும் இருந்தனர். இன்று வைட்ஃபீல்டின் கணினிக் கூடங்களில் பணிபுரியும் நம் பிள்ளைகள் அவ்வரிசையில் வந்தவர்களே.

2023 அக்டோபர் முதல் வைட்ஃபீல்டிலிருந்து மெட்ரோ வண்டியில் ஏறினால், வேறு வண்டி மாறாமலே விதான சௌதா நிலையத்தில் இறங்கலாம். அந்நிலையம் அண்ணல் அம்பேத்கர் பெயரைத் தாங்கியது. புறநகருக்கும் வாயிலுக்கும் இடையே இருந்த தொலைவு அவ்வளவில் குறைந்துவிட்டது.

ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அந்த முகப்பு வாசகத்தை அவர்களே கன்னடத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். படிக்கத் தெரியாவிடில் அதற்காகவேனும் கற்கட்டும். தமிழை வீட்டில் வளர்ப்பது போலவே இந்நாட்டு மொழியையும் கற்றல், இருந்த மண்ணுக்கு நாம் செய்யும் சிறப்பு. பிறகு, பெயர் தெரியாத கல்தச்சர்கள் நிறுத்திய அந்தத் தூண்களைக் காட்டி, டொம்மலூர் அழகியாரின் கதையைச் சொல்லுங்கள். பிறர் கட்டிய வாயிலின் வழியே நுழைந்து போகின்றவன் விருந்தினன். அவ்வாயிலுக்கு ஒரு நிலைக்காலேனும் தந்தவன் அவ்வீட்டைச் சேர்ந்தவன்.